அடிச்சட்டம்

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், கடலை ஒட்டி 'வெல்ட் கீ' என்னும் சாலை செல்கிறது. பெருநிலத்துக்குச் செல்லும் ஃபெரித் துறை அச்சாலையில்தான் அமைந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் வரையில், அது வெல்டிங் தொழிலாளரைச் சிறப்பிக்க வைத்த பெயர் என்றே நான் நம்பியிருந்தேன். என் தந்தையார் வெல்டிங் தொழிலாளி. அவருடைய தொழிலுக்கு அரசாங்கமே ஒரு சாலையைக் கொடுத்திருக்கிறது என்ற பெருமிதம் எனக்கு உள்ளூர இருந்தது. ஒரு நாள் வகுப்பில் அதை எழுந்து நின்று சொல்லியும் விட்டேன். ஆசிரியர் புன்னகையோடு, 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த சர் பிரடெரிக் வெல்ட் என்பவரின் பெயர் அது என்று விளக்கினார். வகுப்பு சிரித்தது. மாலையில் வீடு திரும்பியதும் தந்தையாரிடம் முறையிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தத் துரை எப்பவோ போய்ட்டாருப்பா. அங்கே நிக்கிற கம்பி வேலியிலே பாதி நான் ஒட்டினது" என்றார்.

ஜெலுத்தோங் பகுதியில், கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு சந்தின் கோடியில், சீன முதலாளி ஒருவரின் லோரிப் பட்டறை இருந்தது. தகரக் கூரை, சிமெண்டு காணாத தரை. தந்தையார் அங்கே இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தார். முதலாளியை எல்லாரும் 'தவுக்கே' என்றே அழைப்பர். அவரும் தந்தையாரும் பேசிக்கொண்ட மொழி மலாய். அதுவும் இருவருமாகச் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட மலாய். இலக்கணம் அறிந்தவர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வர். ஆனால் அந்த மொழியில் அவர்கள் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை.

பட்டறையில் 'சட்டம்' என்றால் லோரியின் அடிச்சட்டம். பிற்காலத்தில் நான் தமிழாசிரியனாகி, அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் மாணவர்கள் நாட்டின் சட்டத்தையே நினைத்தார்கள். ஓரிருவர் படத்தைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தை நினைத்தார்கள். எனக்கு மட்டும் சேறும் கிரீசும் அப்பிய இரும்பே கண்முன் தோன்றும். சொற்களின் நுட்பத்தை நான் நூல்களில் கற்கும் முன்னரே பட்டறையில் கற்றேன் எனலாம். கீறல், விரிசல், வெடிப்பு, முறிவு ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழி என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்து மதிப்பெண் வாங்கச் செய்கிறோம். தந்தையாருக்கு அவை ஒரு பொருளைக் குறித்தவை அல்ல. சாயத்தில் மட்டும் தெரிவது கீறல். இரும்பினுள் இறங்கியும் இரும்பு இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது விரிசல். மறுபக்கம் விளக்கைப் பிடித்தால் ஒளி தெரிவது வெடிப்பு. அதற்கு மேல் முறிவு. லோரிக்காரர் ஒருவர் வந்து "சின்னக் கீறல்தான்" என்பார். தந்தையார் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "விரிசல்" என்று ஒரே சொல் சொல்வார். கூலி அந்தச் சொல்லிலேயே மாறிவிடும்.

'பற்றவைத்தல்' என்ற சொல்லும் அப்படித்தான். நெருப்பை மூட்டுவதும் பற்றவைத்தல். இரண்டு உலோகத் துண்டுகளை இணைப்பதும் பற்றவைத்தல். பழந்தமிழில் உலோகத்தை ஒட்டும் பொடிக்குப் 'பற்றாசு' என்றே பெயருண்டு. வெல்டிங் என்னும் மின்வில் இணைப்பில் இவ்விரு பொருளும் ஒரு கணத்தில் ஒன்றாய் நிகழ்கின்றன. கம்பியின் முனையும் இரும்பும் தொட்டு விலகும் இடத்தில் பல்லாயிரம் பாகை வெம்மை எழுகிறது. ஏறத்தாழ 1500 பாகையிலேயே உருகிவிடும் எஃகு அங்கே குளமாகி, இரு கரைகளையும் கலந்து, உடனே உறைகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடி அலைந்த கலைச்சொல் குழுவினர், நம் கொல்லர்கள் எடுத்து வைத்திருந்த சொல்லிடமே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

லோரியின் அடிச்சட்டத்தைப் பார்த்திராதவர்க்கு அதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். அது தரையில் படுக்கவைத்த ஓர் ஏணி. நீளமான இரண்டு எஃகு விட்டங்கள். அவற்றை இணைக்கக் குறுக்கே ஐந்தாறு படிகள். விட்டம் ஒவ்வொன்றும் 'ப' என்னும் எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போன்ற வடிவுடையது: மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, நடுவே நெஞ்சுத் தகடு. சுமை ஏறியதும் இரண்டு அச்சுகளுக்கு இடையே விட்டம் சற்றே தாழ்கிறது. அப்போது மேல் மடிப்பு நெருக்கப்படுகிறது. கீழ் மடிப்பு இழுபடுகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் இந்த இழுப்பு கூடியும் குறைந்தும் வருகிறது. ஒரு நாளில் எத்தனை பள்ளம், ஓராண்டில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே இழுப்பில் அறுக்க இயலாத கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்து ஒடித்துவிடுகிறோம் அல்லவா? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரயில் வண்டிகளின் அச்சுகள் காரணமின்றி முறிவதைக் கண்டு ஜெர்மனியில் ஆகஸ்ட் வேலர் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டதும் இதுதான். உலோகமும் அயர்ச்சி கொள்கிறது என்கிறது பொறியியல். தந்தையார் வேலரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. "இரும்பு ஒரே நாள்ல உடையாதுப்பா. ரொம்ப நாள் யோசிச்சுத்தான் உடையும்" என்பார்.

அந்த யோசனை பெரும்பாலும் ஒரு துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். ஆணிக்குப் போட்ட துளை, ஸ்பிரிங் தாங்கியின் மூலை, பழைய ஒட்டின் விளிம்பு, இவையே விரிசலின் பிறப்பிடங்கள்.

1974-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு மாலை, ஈயமணல் ஏற்றும் லோரி ஒன்று பட்டறைக்கு வந்தது. ஈயலம்பம் என்று நம்மவர் அழைத்த பேராக் மாநிலச் சுரங்கங்களிலிருந்து மணல், பினாங்கின் டத்தோ கிராமட் சாலையில் இருந்த உலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஈயமணல் கண்ணை ஏமாற்றும் சரக்கு. சாதாரண மணலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம் உடையது. லோரியின் தட்டு முக்கால் பங்கு வெறுமையாய்க் கிடக்கும். பார்ப்பவர், "இன்னும் பத்து மூட்டை போடலாமே" என்பர். அடிச்சட்டமோ அப்போதே முனகிக்கொண்டிருக்கும். அந்த லோரியின் வலப்புற விட்டத்தில், பின் ஸ்பிரிங்கின் முன்தாங்கியை ஒட்டிக் கீழ் மடிப்பில் தொடங்கிய விரிசல், நெஞ்சுத் தகட்டில் இரண்டு அங்குலம் ஏறியிருந்தது.

உரிமையாளர் தமிழர், நல்ல மனிதர்தான். ஆயினும் மறுநாள் விடியலில் லோரி ஈப்போவுக்குத் திரும்பியாக வேண்டும் என்றார். வேறு சரக்கு ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது, இறக்க ஆளில்லை, கடைசி ஃபெரிக்குள் அக்கரை சேர வேண்டும். "அண்ணே, ஒரு கனமான தகடா வச்சு அடிச்சு விடுங்க. தாங்கும்" என்றார். சுமையை இறக்காமல் ஒட்டக்கூடாது என்று தந்தையார் சொன்னார். உரிமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தவுக்கே தந்தையாரைப் பார்த்தார். தந்தையார் முகக்கவசத்தை எடுத்துக்கொண்டு கீழே படுத்தார்.

அன்று செய்த வேலையைப் பின்னர் அவரே எனக்குக் குற்றப்பத்திரிகை போல வரிசையாக ஒப்புவித்திருக்கிறார். சுமையோடு தொங்கிக்கொண்டிருந்த விட்டத்தை அப்படியே ஒட்டினார். ஆகவே வளைவு அதிலேயே நிலைத்துவிட்டது. விரிசலைப் பள்ளமாகத் தேய்க்க நேரமில்லை; மேலோடு ஒட்டினார். விட்டத்தைவிடக் கனமான தகட்டை, செங்கல்போல நேராக வெட்டி, நான்கு பக்கமும் சுற்றி ஒட்டினார். கீழ் மடிப்பின் குறுக்கேயும் ஒரு கோடு இழுத்தார். சூடு தணிய நேரமின்றி லோரி புறப்பட்டது. பார்ப்பதற்கு மிக வலுவாய் இருந்தது. உரிமையாளர் அந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்து, கூலிக்கு மேல் இரண்டு வெள்ளி கொடுத்தார்.

வலுவாய் இருந்ததே அதன் குறை என்றால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். விட்டம் முழுவதும் சிறிது சிறிதாக வளைந்து கொடுக்கப் பிறந்தது. நடுவில் ஓர் இடம் வளைய மறுத்தால், அது வளையாத அளவையும் சேர்த்து அதன் ஓரம் வளைய வேண்டியிருக்கிறது. நேராக வெட்டிய தகட்டின் விளிம்பில் எல்லா இழுப்பும் வந்து குவிகிறது. ஒட்டிய இடம் உடைவதில்லை. ஒட்டின் பக்கத்தில் உடைகிறது.

அவ்வாண்டு நவம்பரில், தைப்பிங்குக்கும் கோலகங்சாருக்கும் இடையிலுள்ள புக்கிட் பெராப்பிட் மலைப்பாதையில் அது உடைந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994-இல். அதற்கு முன் பினாங்குக்கு வரும் லோரிகள் அந்த வளைவுகளில் முக்கி முனகித்தான் ஏறி இறங்கும். ஒரு திருப்பத்தில் வலப்புற விட்டம் தகட்டின் முன் விளிம்பில் வாய் பிளந்தது. லோரியின் முதுகு மடிந்து தட்டு சாய்ந்தது. மூட்டைகளின்மீது அமர்ந்திருந்த கெலிண்டான், அதாவது ஓட்டுநரின் உதவியாள், சாலையில் வீசப்பட்டான். பத்தொன்பது வயதுப் பையன். தொடையெலும்பு முறிந்தது. மூட்டைகள் மறுபக்கம் சரிந்ததால் உயிர் பிழைத்தான்.

செய்தி இரண்டாம் நாள் பட்டறைக்கு வந்தது. யாரும் தந்தையாரைக் குறை கூறவில்லை. உரிமையாளர் பையனைத்தான் திட்டினார்: உள்ளே இடமிருக்க ஏன் மேலே ஏறினான்? ஓட்டுநர் சாலையைத் திட்டினார். தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை. தந்தையார் அன்று மாலை வீட்டுக்கு வராமல் நேரே ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பேருந்து பிடித்துத் தைப்பிங் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பார்வை நேரம் முடிந்துவிட்டது. இரவெல்லாம் வெளித்திண்ணையில் இருந்துவிட்டுக் காலையில் அவனைப் பார்த்திருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆறு மாதங்கள், சம்பளத்தில் இருபது வெள்ளி பையனின் தாயாருக்குப் போயிற்று. நூற்றறுபது வெள்ளிச் சம்பளத்தில் அது சிறு தொகையன்று. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. பால்காரரிடம் மட்டும், நாளையிலிருந்து பாதி போதும் என்றார்.

டிசம்பரில் அந்த லோரி, விட்டத்தோடு மரக்கட்டையும் சங்கிலியும் கட்டப்பட்டு, ஓர் இரவில் மெல்ல ஊர்ந்து ஜெலுத்தோங்குக்கே வந்தது. செய்தவனே சரி செய்யட்டும் என்பது உரிமையாளரின் நியாயம். நான் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். "கூட வா, விளக்குப் பிடிக்க ஆள் வேணும்" என்று தந்தையார் என்னை அழைத்தார். அதற்கு முன் அவர் என்னைப் பட்டறைக்கு அழைத்ததேயில்லை. மகன் அந்தப் பக்கமே வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

"எத்தனை மணிக்கு முடியும்?" என்று உரிமையாளர் கேட்டார்.

"மூணு நாள்" என்றார் தந்தையார்.

உரிமையாளர் திகைத்தார். பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் ஒரே பகலில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள் என்றார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். தந்தையார் கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, "அப்ப அங்கே கொண்டு போங்கய்யா" என்றார். இருபத்தாறு ஆண்டுகளில், வந்த வாடிக்கையாளரை அவர் போகச் சொன்னது அந்த ஒரு முறைதான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அனைவரும் தவுக்கேயைப் பார்த்தார்கள். தவுக்கே அடுத்த கடைப் பையனைக் கூப்பிட்டு, லோரிக்காரருக்கு ஒரு தே ஓ கொண்டுவரச் சொன்னார். அந்தத் தேநீரை உட்கார்ந்து குடித்து முடிப்பதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது.

முதல் நாள் முழுவதும் ஒரு கம்பிகூட எரியவில்லை. மரத்தட்டைப் பிடித்திருந்த வில்லாணிகளைக் கழற்றி, தட்டைச் சங்கிலியால் தூக்கினோம். நான்கு இடங்களில் ஜாக்கி வைத்து அடிச்சட்டத்தை உயர்த்தினோம். தந்தையார் விட்டத்தின் நீளத்துக்கு நூல் கட்டி, மூலைக்கு மூலை அளந்து, ஜாக்கிகளைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி, வளைவை எடுத்தார். பிளந்திருந்த வாய் மெல்ல மெல்லத் தானே மூடியது. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுக்கு முன் எலும்பை நேராக்கி வைப்பார்கள். அந்த ஒப்புமை அப்போது இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும்; இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு மின்கலத்தின் கம்பிகளைக் கழற்றினார்; டீசல் தொட்டியை இறக்கினார்; பிரேக் குழாய்களைக் கல்நார்த் துணியால் மூடினார். கல்நாரின் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதை அன்று எங்கள் பட்டறையில் எவரும் அறியார். பழைய தகட்டை அறுத்து எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை தந்தையார் செய்த ஒன்றை நான் இன்றும் வகுப்பில் சொல்வதுண்டு. இரும்பைப் பளபளவென்று தேய்த்து, மண்ணெண்ணெய் பூசி, சிறிது நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்தார். அதன்மேல் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தேய்த்தார். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டினார். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடாக ஊறியது. என் கண் 'இங்கே முடிகிறது' என்று சொன்ன இடத்தையும் கடந்து அந்தக் கோடு முக்கால் அங்குலம் மேலே சென்றது. "கண்ணுக்குத் தெரியற இடத்துல அது நிக்காது" என்றார். கோட்டின் நுனிக்குச் சற்றே அப்பால் புள்ளி குத்தி, கால் அங்குலத் துளை ஒன்று போட்டார்.

உடைந்த இரும்பில் மேலும் ஒரு துளையா என்று நான் கேட்டேன். தந்தையார் விடை சொல்லத் தெரியாமல், "கூரா இருந்தா ஓடும், உருண்டையா இருந்தா நிக்கும்" என்றார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் கணக்கை நான் படித்தறிந்தேன். இழுபடும் தகட்டில் வட்டத் துளை ஒன்று இருந்தால் அதன் விளிம்பில் இழுவிசை மும்மடங்காகிறது. துளை நீண்டு கூராகக் கூர்முனையில் அது பன்மடங்கு பெருகுகிறது. 1913-இல் இங்கிலாந்தின் இங்லிஸ் என்பவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விரிசலின் முனை ஊசியினும் கூரியது. ஆகவே அங்கே குவியும் விசை மிகப் பெரிது. அந்த முனையை ஒரு வட்டத்துக்குள் விழவைத்தால் அதன் கூர்மை போய்விடுகிறது. கூர்மையை இழந்த விரிசல் வழி தெரியாமல் நின்றுவிடுகிறது.

தந்தையார் அத்தோடு நிற்கவில்லை. எவரும் கேளாதிருக்க, இடப்புற விட்டத்திலும் அதே இடத்தைத் தேய்த்து, எண்ணெய் பூசி, சுண்ணாம்புத் தூள் இட்டார். அந்தப் பக்கம் பழுதில்லை என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம். அவர் தட்டினார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு தாங்கியின் ஆணித்துளையிலிருந்து மயிரிழை போன்ற ஈரம் ஒன்று புறப்பட்டது. தந்தையார் தம் கையிலிருந்த துணியால் என் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, "அவரைக் கூப்பிடு" என்றார். உரிமையாளர் வெள்ளை வேட்டியோடு படுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. எழுந்தபோது வேட்டியெல்லாம் கிரீசு. நாட்களைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ஒட்டும் வேலை அன்று பிற்பகலில்தான் தொடங்கியது. விரிசலின் நெடுகத் தேய்த்து இருபுறமும் சாய்ந்த பள்ளமாக்கினார். உருகிய எஃகு அடிவரை இறங்க வேண்டும் அல்லவா? கம்பிகள் ஒரு பழைய குளிர்ப்பெட்டியினுள், இரவு பகலாக எரியும் நூறு வாட் விளக்கோடு வைக்கப்பட்டிருந்தன. குளிர வைக்கும் பெட்டியைச் சூடாக்கப் பயன்படுத்தியது தவுக்கேயின் கண்டுபிடிப்பு. கம்பியின் மேற்பூச்சு ஈரம் குடித்திருந்தால், அந்த நீரிலுள்ள ஹைட்ரஜன் உருகிய எஃகினுள் புகுந்து, ஒட்டு ஆறிய பல மணி நேரத்திற்குப் பிறகும்கூட உள்ளே விரிசலை உண்டாக்கும். மழைக்காலத்துப் பினாங்கில் ஈரத்துக்குக் குறைவேது! முதல் வரிசையை அடியில் இட்டார், கசடை உளியால் கொத்தித் தள்ளினார், தேய்த்தார், அடுத்த வரிசை இட்டார். பிறகு மறுபக்கம் சென்று, முதல் வரிசையின் முதுகு தெரியும்வரை தோண்டி, அங்கிருந்தும் ஒட்டினார். "வாளித் தண்ணி ஊத்திடாதே" என்று என்னை இருமுறை எச்சரித்தார். திடீரெனக் குளிர்ந்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை கொள்ளும். சாக்கையும் உலர்ந்த மணலையும் மேலே மூடி, அதைத் தன் போக்கில் ஆறவிட்டோம்.

பணி மும்முரத்தில் நான் கவசமின்றி இரண்டு முறை அந்த நீல ஒளியைப் பார்த்துவிட்டேன். நள்ளிரவில் கண்ணில் மணலை வாரி இறைத்தாற்போல் எரிந்தது. அம்மா உருளைக்கிழங்கை வில்லைகளாக நறுக்கிக் கண்மேல் வைத்தார். அடுத்த பாயில் படுத்திருந்த தந்தையார் உறங்கவில்லை என்பது மூச்சிலிருந்து தெரிந்தது.

இருளில் கண்மூடிக் கிடந்த அந்த இரவை, பின்னொரு நாள் நூலகத்தில் ஒரு கப்பலின் கதையைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர், தகடுகளை ஆணி அடித்து இணைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, பற்றவைத்தே கப்பல்களை விரைந்து கட்டினர். 1943 சனவரி 16 அன்று, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லந்தில், அப்போதுதான் கட்டி முடித்த 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில் துறையருகே நின்றிருந்தபடியே, வெடியோசையோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. புயலில்லை, அலையில்லை, பகைவரும் இல்லை. குறைபட்ட ஒட்டும், இழுவிசை குவியும் மூலைகளும், குளிரில் நொறுங்கும் எஃகும் சேர்ந்து செய்த வேலை அது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி, அக்காலக் கப்பல்களின் எஃகு ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே தன் நெகிழ்வை இழக்கிறது என்பதை நிறுவினார். ஆணி அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலோ எல்லாத் தகடும் ஒரே தகடு. விரிசலுக்குத் தடையே இல்லை. நாடுகளே அவசரத்தில் செய்த பிழையைத்தான் ஜெலுத்தோங்கில் ஒருவர் செய்தார் என்று அன்று எனக்கு ஆறுதலாய்த் தோன்றிற்று. தந்தையாரிடம் அதைச் சொன்னேன். "அந்தக் கப்பல்ல ஆள் இருந்தாங்களா?" என்றுதான் கேட்டார்.

மூன்றாம் நாள் வலுவூட்டும் வேலை. ஒட்டிய இடத்தை விட்டத்தோடு மட்டமாகத் தேய்த்து, விரலால் தடவி, நகம் இடறாத வரையில் மீண்டும் மீண்டும் தேய்த்தார். புதிய தகடு விட்டத்தின் கனமே உடையது. ஒரு நூல்கூட மிகையில்லை. அதன் இரு முனைகளையும் மீன்வாய் போலப் பிளந்து சரிவாக வெட்டினார். வலு ஓரிடத்தில் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியாமல், படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கவே அந்த வடிவம். நெஞ்சுத் தகட்டில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே பெரும்பாலும் ஆணிகளை முடுக்கினார். மடிப்புகளில் துளை போடவில்லை. அவற்றின் குறுக்கே ஒட்டவும் இல்லை. இடப்புறத்துக்கும் அவ்வாறே. பின்னர் ஸ்பிரிங்கைப் பார்த்தார். ஒரு பட்டை உடைந்து கிடந்தது. "இதை மாத்தலைன்னா நான் செஞ்சது வீண்" என்றார். உரிமையாளர் மறுபேச்சின்றி மாற்றினார். சுமையைக் குறைக்கும் பேச்சை மட்டும் தந்தையாரால் வெல்ல முடியவில்லை. "பாக்கலாம்ணே" என்ற விடைதான் கிடைத்தது.

இந்நாளில் பல லோரிகளின் அடிச்சட்டம், வெப்பமூட்டிப் பதப்படுத்திய உயர்வலு எஃகால் ஆனது. பற்றவைக்கும் சூடு அந்தப் பதத்தையே கெடுத்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் காட்டும் முறைக்குப் புறம்பாக அவற்றில் தீயை வைக்கலாகாது. தந்தையார் கற்ற வித்தை அவர் காலத்து எஃகுக்கு உரியது. 1985-இல் பாலம் திறந்தபின் லோரிகள் ஃபெரிக்குக் காத்திருக்கவில்லை. டத்தோ கிராமட் சாலையின் ஈய உலை இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. பட்டறை இருந்த சந்தும் அடையாளம் தெரியாமல் போயிற்று.

அந்த லோரி மீண்டும் ஓடத் தொடங்கியபின், 1975-இல், வேலைக்குத் திரும்பிய அந்தக் கெலிண்டான் ஒரு நாள் பட்டறைக்கு வந்தான். கால் சற்றே இழுத்தது. நான் அன்று தந்தையாருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். லோரி சந்தின் வாயிலில் நின்றது. அவன் நேரே தந்தையாரிடம் வந்து, அடியில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். தந்தையார் சோற்றுப் பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு, தரையில் சாக்கை விரித்து, விளக்கை எடுத்துக்கொண்டு அவனோடு கீழே படுத்தார். நான் வெளியே நின்று அவர்களுடைய இரண்டு சோடிக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கே கையை வை. இன்னும் மேலே. தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலீங்களே."

"தெரியக்கூடாது."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவன் குரல் கேட்டது.

"இப்ப மேலே ஏறி உக்காரலாங்களாய்யா?"

"சட்டம் தாங்கும்" என்றார் தந்தையார். "நீ உள்ளே உக்காரு, தம்பி."